அக்காவின் அணுக்களுக்குக் கோபம்

குட்டியின் உடம்புக்குள் அக்கா குடிபோய்ச் சில வாரங்கள் ஆனபோது அவனுடைய உள்ளங்கைகள் சிவந்தன.

குட்டி என்றால் குழந்தை இல்லை. முப்பதைத் தாண்டியவன், கதவில் குனிந்து நுழைகிற உயரம். ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதுகிற வேலை. அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையை மருந்தால் துடைத்து எடுத்துவிட்டு இன்னொருவரின் அணுக்களை உள்ளே விட்டால்தான் பிழைப்பான் என்று ஆனபோது, யாருடையது பொருந்தும் என்று குடும்பத்தையே வரிசையில் நிற்கவைத்துச் சோதித்தார்கள். சித்தப்பா முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். பொருந்தவில்லை என்று தெரிந்ததும் மிகவும் வருத்தப்பட்டவர் அவர்தான். நிம்மதியாக இரண்டாவது டீ குடித்தவரும் அவர்தான். அக்காவுடையது பொருந்தியது.

கொடுப்பது அக்கா பயந்த அளவுக்கு இல்லை. சில நாள் ஊசி போட்டார்கள். எலும்புக்குள் இருந்த அணுக்கள் ரத்தத்துக்குள் இறங்கின. பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து இயந்திரத்தில் சுற்றவிட்டு, வேண்டியதைப் பிடித்துவைத்துக்கொண்டு மிச்சத்தை மறு கையில் திருப்பிவிட்டார்கள். கடைசியில் பழச்சாறு நிறத்தில் ஒரு பை. அதைக் குட்டியின் நரம்பில் சாதாரணமாக ஏற்றினார்கள்.

"இது எலும்புக்குள்ள எப்படிப் போகும்?" என்று அக்கா கேட்டாள்.

"அதுங்களே போயிடும். வழி தெரியும்" என்றார் டாக்டர்.

அக்காவால் நம்ப முடியவில்லை. அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் படித்தவர்களில் பாதிப் பேருக்கு வந்த வழியிலேயே திரும்பிப் போகத் தெரியாது. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அதை மிதிப்பதும், மிதித்த காலை எடுப்பதற்குள் வாயைத் திறப்பதும்தான் அவள் பிழைப்பு. "கண்ணாடி எதுக்கு இருக்கு, பவுடர் போடவா?" "கிளட்ச் மேல ஏன் குடியிருக்க, வாடகை கட்டுறியா?" அவளிடம் திட்டு வாங்கியே லைசென்ஸ் வாங்கியவர்கள் இன்றைக்கும் சிக்னலில் நிற்கும்போது காலியான பக்கத்து இருக்கையைப் பயத்தோடு திரும்பிப் பார்ப்பதாகக் கேள்வி.

அப்படிப்பட்டவளின் அணுக்கள் குட்டியின் எலும்புக்குள் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கின. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஏறியது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் கை சிவந்தது. அடுத்து காதுமடல், கழுத்து, முதுகு. வெயிலே படாத அறைக்குள் படுத்திருந்தவன் வெயிலில் வெந்தவன் மாதிரி ஆனான்.

டாக்டர் அக்காவைத் தனியாக அழைத்து உட்காரவைத்தார். இளவயதுக்காரர். பொய் சொல்லத் தெரியாது என்பதால் மூன்று வார்த்தைகளை வைத்தே காலம் தள்ளினார். 'பார்க்கலாம்' என்றால் நல்லது. 'பார்ப்போம்' என்றால் சுமார். இரண்டையும் விட்டுவிட்டு, 'அப்புறம்?' என்று கேட்டுக்கொண்டே பேனாவை மூடினால் மோசம். அன்றைக்கு 'பார்ப்போம்'.

"இது அவரோட பழைய நோய் இல்லம்மா. உங்க அணுக்கள் பண்ற வேலை."

"என் அணுவா? நான் நல்லதைத்தானே கொடுத்தேன்?"

"ரொம்ப நல்லது. அதான் பிரச்சினை."

அக்கா புரியாமல் பார்த்தாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நம்ம உடம்புக்குத் தோல்தான் மதில். அதைத் தாண்டி ஒரு கிருமி உள்ள வந்தா, முதல்ல சில அணுக்கள் ஓடிப்போய் அதை முழுங்கும். யாரு, என்னன்னு விசாரிக்காது; வெளியாளா, முழுங்கு, அவ்வளவுதான். இன்னும் சிலது முழுங்கினதுல ஒரு துண்டை எடுத்துக்கிட்டு, கழுத்துல, அக்குள்ல நெறி கட்டுமே, அங்க போய்க் காட்டும். அங்கதான் டி அணுக்கள் காத்திருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு முகம்தான் அடையாளம் தெரியும். தனக்குத் தெரிஞ்ச முகம் வந்தா அந்த அணு ஆயிரமா, லட்சமாப் பெருகிக் கிளம்பும். பக்கத்துலயே பி அணுக்கள் இருக்கு. அதுங்க கிருமி மேல ஒட்டுற மாதிரி ஒரு பொருளைச் செஞ்சு ரத்தத்துல விடும். சண்டை முடிஞ்சதும் எல்லாம் செத்துடும். கொஞ்சம் மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா உயிரோட சுத்தும். அதுக்குப் பேரே ஞாபக அணு. தடுப்பூசியெல்லாம் இதை நம்பித்தான்."

"சரி. தம்பி கிருமி இல்லையே."

"அதுக்குத்தான் வரேன். நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு உறுப்பு இருக்கு. டி அணுக்கள் படிக்கிற இடம். ஒரே பாடம்தான்: இது நம்ம வீடு, இதைக் கடிக்கக் கூடாது. சொந்த உடம்பையே கடிக்கப் பார்க்கிறதை அங்கேயே கொன்னுடும். ஒண்ணுமே அடையாளம் தெரியாத மக்குகளையும் விடாது. நூத்துக்கு ரெண்டு மூணுதான் தேறி வெளிய வரும்."

"எங்க ஸ்கூல்ல இப்படி ஃபெயில் பண்ணா ஓனர் என்னைக் கொன்னுடுவார்" என்றாள் அக்கா.

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"உங்க அணுக்கள் தேறினது உங்க உடம்புல. அதுங்களுக்கு வீடுன்னா நீங்கதான். இப்ப தம்பி உடம்புல முழிச்சுப் பார்க்குது. எல்லாம் நம்ம வீடு மாதிரியே இருக்கு, ஆனா எங்கயோ என்னவோ மாறியிருக்கு. யாரோ வெளியாள்னு முடிவு பண்ணிடுது."

"அவன் என் தம்பின்னு சொல்லுங்க டாக்டர்."

"அதுங்ககிட்ட பேசுற பாஷை எங்களுக்குத் தெரியாதும்மா. அடக்கத்தான் மருந்து இருக்கு. உங்களுக்கு என்ன குழந்தை?"

"ஒரு பையன். காலேஜ் படிக்கிறான்."

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். பையனைச் சுமந்தவங்க அணுக்களுக்கு ஆம்பளை உடம்புல இருக்கிற சில அடையாளங்கள் ஏற்கெனவே பழக்கம். வேற்றாள்னு சீக்கிரம் கண்டுபிடிச்சிடும்."

"அப்ப ஏன் என்னை எடுத்தீங்க?"

"வேற யாரும் பொருந்தலையே."

அக்கா வீட்டுக்கு வந்து, கேட்டதை ஒரு வரி விடாமல் சொன்னாள். அதுதான் அவள் செய்த தவறு. கூடத்தில் அம்மாவும் சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா காலையில் பூங்காவில் நடக்கிறவர். கூட நடக்கிறவர்களிடமிருந்து அவருக்குத் தினமும் கொஞ்சம் மருத்துவம் கிடைத்துவிடும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், 'ஞாபக அணு' என்ற இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"அப்படிச் சொல்லு. எனக்கு அப்பவே பொறி தட்டுச்சு. அணுவுக்கு ஞாபகம் இருக்குன்னு டாக்டரே ஒத்துக்கிட்டாங்கல்ல? அந்த நாற்சந்தி விஷயத்தை அது இன்னும் மறக்கலை."

நாற்சந்தி விஷயம் இதுதான். பல வருஷத்துக்கு முன்னால் அக்கா குட்டிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். நாற்சந்தியின் நட்டநடுவில் வண்டி நின்றுபோனது. நாலாப் பக்கமும் ஹாரன். அக்கா வாயைத் திறந்தாள். குட்டி எதுவும் பேசாமல் சீட் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து இறங்கி, கதவை மரியாதையாகச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போய்விட்டான். அதற்கப்புறம் அவன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கொஞ்ச காலம் இருவரும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டே.

"அன்னிக்கு எவ்வளவு கோபம் இவளுக்கு! மூணு நாள் சாப்பிடலையே" என்றாள் அம்மா.

"அம்மா, அது கிருமியை ஞாபகம் வச்சுக்கிற அணு. ட்ராஃபிக்கை இல்ல."

"பார்த்தியா, பார்த்தியா, இப்பவே குரல் ஏறுது" என்றார் சித்தப்பா. "இங்க நீ கோபப்பட்டா அங்க அவனுக்குக் கொப்புளம் வருதும்மா. வேர் இங்கதானே இருக்கு?"

"என்ன வேர் சித்தப்பா? நான் என்ன மரமா?"

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் தங்கமில்ல, கொஞ்ச நாளைக்கு யார் மேலயும் கோபப்படாத. அவன் பிழைச்சு வரட்டும். அப்புறம் எங்க எல்லாரையும் சேர்த்து வச்சுத் திட்டு."

இது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதே சமயம், டாக்டர் அவளைச் செய்யச் சொன்னது ஒன்றுமே இல்லை. மருந்து டாக்டருடையது, உடம்பு குட்டியுடையது, அவளுடையது என்று அங்கே இருந்த அணுக்கள் அவள் பேச்சைக் கேட்பதில்லை. சும்மா இருப்பதற்கு, கோபப்படாமல் இருப்பது மேல். அது ஒரு வேலை மாதிரியாவது இருந்தது.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் அக்காவை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. காபி ஆறிப்போயிருந்தால் அவள் சொல்வதற்குள் வேறு காபி வந்தது. சித்தப்பா பயிற்சிப் பள்ளி முதலாளிக்கு போன் செய்து, அக்காவுக்குக் கோபம் வந்தால் ஓர் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவைத்தார். யாருடைய உயிர் என்று கேட்கவே பயந்துபோன முதலாளி, ஏற்கெனவே வண்டி ஓட்டத் தெரிந்தவர்களாகப் பார்த்து அவளிடம் அனுப்பினார்.

அவர்களையும் அக்காவால் திருப்தி செய்ய முடியவில்லை. ஒரு வங்கிக்காரர் ரிவர்ஸில் போய்க் குப்பைத்தொட்டியைச் சாய்த்தார். அக்கா பிரேக்கை மிதித்து, பல்லைக் கடித்து, "பரவாயில்லைங்க. தொட்டிதானே" என்றாள். வங்கிக்காரரின் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், நான் ரொம்ப மோசமா ஓட்டுறேனா?"

"ஏங்க?"

"திட்டவே மாட்டேங்கிறீங்களே. எனக்கு இனிமே வரவே வராதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

அடுத்த வகுப்புக்கு அவர் வரவில்லை.

குட்டியின் தோலில் சிவப்பு கொஞ்சம் குறைந்தது. டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தார். பெருமை முழுக்க அக்காவுக்குப் போனது. அம்மா அவள் நெற்றியை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அக்கா முகக்கவசம், கையுறை, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு குட்டியின் அறைக்குள் போனபோது அவன் படுத்தபடியே அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"வெளிய இருக்கிற அக்காவா, உள்ள இருக்கிற அக்காவா?"

"வெளிய இருக்கிறவ. எப்படிடா இருக்கு?"

"உள்ள இருக்கிறவ அளவுக்கு நீ மோசமில்ல." கையைத் தூக்கிக் காட்டினான். உள்ளங்கைத் தோல் பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி உரிந்துகொண்டிருந்தது. அந்தக் கையால்தான் அவன் கேக்கின் மேல் ரோஜா போடுவான். "என் ப்ளட் க்ரூப்பே மாறிடுமாம், தெரியுமா? இனிமே உன் க்ரூப்தானாம். சின்ன வயசுல ஒரு பென்சிலைக் கொடுக்க மாட்ட. இப்ப ரத்தத்தையே கொடுத்துட்டு, அதுக்கும் சேர்த்து அடிக்கிற."

"நான் அடிக்கலைடா."

"தெரியும். உன் ஆளுங்க." சிரிக்கப் பார்த்தான், உதடு வெடித்திருந்ததால் பாதியில் விட்டுவிட்டான். "நாற்சந்தியில இறங்கிப் போனேன்ல, அந்த மாதிரி இதுலேர்ந்து இறங்க முடியலைக்கா."

அக்கா கோபப்படவில்லை. அழவும் இல்லை. கவசத்துக்குள் அழுதால் உள்ளே ஈரமாகும், மாற்றச் சொல்வார்கள்.

பிறகு அது குடலுக்குப் போனது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை; ரத்தமாகப் போயிற்று. உணவை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஸ்டீராய்டைக் கூட்டினார்கள். டாக்டர் பேனாவை மூடினார்.

வீட்டில் சித்தப்பா விசாரணை வைத்தார். "உண்மையைச் சொல்லு. யார்கிட்டயாவது கத்தினியா?"

அக்காவுக்கு அந்தக் கேள்விக்கே கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் அவள் யோசித்துப் பார்த்தாள். "ஒரு லாரிக்காரன் குறுக்க வந்தான். கத்தலை. ஆனா மனசுக்குள்ள…"

"மனசுக்குள்ள?"

"கொஞ்சம் பெரிய வார்த்தைதான்."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். தன் வாயிலிருந்து வந்த பதிலைக் கேட்டு அக்காவே திடுக்கிட்டாள். பள்ளியில் அறிவியலில் அவள்தான் முதல் மதிப்பெண்.

அடுத்த முறை டாக்டர் கூப்பிட்டபோது அம்மாவும் கூட வந்தாள். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையின் முடிவு வந்திருந்தது.

"புற்றுநோய் அணு ஒண்ணுகூட இல்லை" என்றார் டாக்டர். "நாங்க கொடுத்த மருந்துக்குத் தப்பி எங்கயாவது ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருந்தாலும், உங்க அணுக்கள் தேடிப் பிடிச்சுக் கொன்னிருக்கும்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். யாரை என்று தெளிவாகத் தெரியவில்லை. டாக்டருக்கும் அக்காவுக்கும் நடுவில் சுவர்தான் இருந்தது.

"அப்ப குடலை?" என்றாள் அக்கா.

"அதையும் அதுங்கதான்."

"புற்றுநோயைக் கொல்றது மட்டும் இருக்கட்டும். குடலைத் தின்னுறதை மட்டும் எடுத்துட முடியாதா?"

"அப்படிப் பிரிச்சுத் தொட எங்களால முடியலை. இப்போதைக்கு மொத்தமாத்தான் அடக்கணும். இன்னொரு பலமான மருந்து இருக்கு. அதைக் கொடுத்தா உங்க அணுக்கள் ஒடுங்கிடும். குடல் ஆற வாய்ப்பிருக்கு. ஆனா அப்புறம் ஒரு சாதாரணக் கிருமி வந்தாலும் எதிர்க்க ஆளிருக்காது."

"கொடுக்காம விட்டா?"

டாக்டர் பேனாவைத் தேடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

முடிவைக் குட்டிதான் சொல்ல வேண்டும். அவன் சரி என்றான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அக்காவுக்கு போன் செய்தான்.

"உன் ஆளுங்களைக் கொல்லப் போறாங்களாம். உனக்குச் சம்மதமா?"

"கொல்லச் சொல்லுடா."

"எல்லாரையும் இல்ல. கொஞ்சம் பேரை விட்டு வைக்கச் சொல்லியிருக்கேன். சமையலுக்கு ஆள் வேணும்ல."

மருந்து ஏறியது. குடலில் ரத்தம் குறைந்தது. குட்டி இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அது உள்ளேயே தங்கியதைப் பெரிய சாதனையாக எல்லோருக்கும் போனில் சொன்னான். டாக்டர் 'பார்க்கலாம்' என்றார். சித்தப்பா பூங்காவில் நடந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்து அக்காவுக்கு ஜலதோஷம் பிடித்தது. பயிற்சிக் காரில் யாரோ தும்மியிருக்க வேண்டும். அவளை வார்டு வாசலோடு நிறுத்திவிட்டார்கள். இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு அப்பால் குட்டியின் கட்டில் தெரியும்; கால் மட்டும்.

அவள் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது உள்ளே குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தத்தில் ஏதோ பாக்டீரியா. தோலிலும் குடலிலும் எல்லோருக்கும் இருப்பதுதான், வெளியிலிருந்துகூட வரவில்லை என்றார்கள். ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றி ஏற்றினார்கள்.

அக்காவின் ஜலதோஷம் அதுபாட்டுக்குக் குறைந்துகொண்டு வந்தது. அவள் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. முதலில் தொண்டை எரிச்சல் போனது, பிறகு உடம்புவலி, பிறகு மூக்கு திறந்தது. அவளைக் கேட்காமலே உள்ளே விழுங்குகிறவை விழுங்கின, காட்டுகிறவை காட்டின, அடையாளம் கண்டவை பெருகிக் கிளம்பின. முடித்துவிட்டுப் பேசாமல் செத்தும் போயின. இரண்டு கண்ணாடிகளுக்கு அப்பால் அதே வம்சம் மருந்தில் மயங்கிக் கிடந்தது. தன் உடம்பு தேறுவதை நிறுத்திவைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்றுகூட அவள் யோசித்தாள். நிறுத்தினால் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். அவருடைய கையில் பேனாவே இல்லை. "கிருமிக்கு மருந்து போகுது. கூடவே அவர் உடம்புலயும் கொஞ்சம் எதிர்ப்பு எழுந்தாத்தான்…" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா எழுந்து வந்து அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கோபப்படு."

"என்னம்மா?"

"கோபப்படுடி. இத்தனை நாள் வேண்டாம்னேன், இப்ப வேணும். உள்ள தூங்குதுங்கல்ல, எழுந்திருக்கட்டும். அவனைத் திட்டு."

"அம்மா, அது அப்படியெல்லாம் இல்லம்மா…"

"இல்லாட்டிப் போகட்டும். வேற என்னடி இருக்கு நம்மகிட்ட?"

அம்மா நர்ஸிடம் கெஞ்சினாள். நர்ஸ் உள்ளே போய்க் குட்டியின் போனை அவன் காதோரம் வைத்தாள். கண்ணாடி வழியாகக் கையை அசைத்துக் காட்டினாள்.

அக்கா போனைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கை முழுக்க அவளுக்குச் செலவில்லாமல் வந்துகொண்டிருந்தது கோபம் ஒன்றுதான்.

"டேய்" என்றாள். அது கொஞ்சுகிற மாதிரி இருந்தது.

"இதெல்லாம் ஒரு டேய்யா?" என்றாள் அம்மா. "உன் பரீட்சைப் புத்தகத்துல மீசை மீசையா வரைஞ்சு வச்சானே, அதைச் சொல்லு."

"புத்தகத்துல ஏன்டா மீசை வரைஞ்ச?" என்றாள் அக்கா. எல்லாப் படத்துக்கும் மீசை. இருதயத்தின் படத்துக்குக்கூட. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வழியிலேயே வேறு ஏதோ ஆயிற்று.

"உன் பிறந்தநாளுக்கு டிரைவிங் ஸ்கூல்ல அத்தனை பேர் முன்னாடி கேக்குல உன் வயசை எழுதிக் கொண்டுவந்து நீட்டினானே!"

"ஏன்டா வயசை எழுதின?"

"சத்தமா!"

"ஏன்டா எழுதின!" சத்தம் வந்தது. கோபம் வரவில்லை. தாழ்வாரத்தில் போன ஒருவர் திரும்பிப் பார்த்து, சண்டைக்காரி என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தாள். சைக்கிளைத் தொலைத்தது. அப்பா இருந்த காலத்தில் அவரிடம் போட்டுக்கொடுத்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு மேட்ச் பார்த்தது. அக்கா எல்லாவற்றையும் போனில் சொன்னாள். கட்டிலில் கால் அசையவில்லை. குட்டி செய்த தப்புகள் சீக்கிரமே தீர்ந்துபோயின. முப்பது வருஷத்துக்கு அவை இவ்வளவுதானா என்று இருந்தது. அம்மா அவன் செய்யாததையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

"உன் கம்மலை அவன்தான் தொலைச்சான். கேளு."

அந்தக் கம்மலைத் தொலைத்தது அம்மா. மூவருக்கும் அது தெரியும்.

"என் கம்மலை ஏன்டா தொலைச்ச?" என்றாள் அக்கா.

போனில் ஏதோ கரகரத்தது. நர்ஸ் குனிந்து குட்டியின் வாயருகே காதை வைத்துக் கேட்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"என்னவோ சொல்றாருங்க. சரியாக் கேட்கலை. 'அது நான் இல்ல'ங்கிறார்."

போனில் காதை ஒட்டியிருந்த அம்மா அக்காவின் முழங்கையை இறுகப் பற்றினாள். "கேட்டியா? எதிர்த்துப் பேசுறான். பிடிச்சிருச்சுடி. விடாத, இன்னும் திட்டு."

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டாள். கம்மலுக்கு அப்புறம் என்ன என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.